அதிக அட்டை கொண்டுபோனவள்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் தமிழ் டீச்சருக்கு இலக்கணத்தைப் புத்தகத்தில் வைத்து நடத்தப் பிடிக்காது. ஆளுக்கொரு சொல்லட்டையைக் கழுத்தில் மாட்டி மைதானத்தில் ஓட விடுவார். ‘மாடு’ என்ற பெயர்ச்சொல் ‘மேய்ந்தது’ என்ற வினைச்சொல்லைத் தேடிப் பிடித்துக் கைகோத்து நிற்க வேண்டும். அட்டைகளை நாங்களே கொண்டுபோக வேண்டும். அதிகம் கொண்டு வருபவர் தலைவர். விசில் அவர் கையில். அந்த விசிலுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

என் பக்கத்தில் உட்காரும் தோழி முப்பது அட்டை கொண்டு வரப்போவதாகச் சொல்லியிருந்தாள். அவளுடைய தாய்மாமனுக்குத்தான் அப்போது என் சித்தியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனையூர்க்காரர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாக இருந்தது.

சித்திக்கு முந்தின வருடமே ஒரு கல்யாணம் நிச்சயமாகி, நான்கு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வேறொரு பெண்ணோடு போய்விட்டதால் நின்றுபோயிருந்தது. சித்தி மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் ஊர்வாய்க்குப் பயந்து கீழக்குயில்குடியை விட்டுத் திருநகருக்குக் குடிவந்திருந்தோம். ஆனையூர்க்காரர்களிடம், “இதான் எங்களுக்கு முத வரன்” என்று அம்மாவின் அண்ணனான என் மாமா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். மிஞ்சிய பத்திரிகைகளைத்தான் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மீனாட்சி கல்யாணப் படம் போட்டதை எரிக்கவும் மனம் வராது, குப்பையில் போடவும் கை வராது. கட்டோடு கொண்டுவந்து புது வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கட்டை நான் கண்டுபிடித்தேன். கெட்டி அட்டை, ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் சுத்த வெள்ளை. இருபது பத்திரிகைகளைக் குறுக்கே வெட்டி நாற்பது அட்டைகளாக்கி முடித்தபோது சித்தி வந்துவிட்டாள். என் கையிலிருந்த துண்டில் அவள் பெயரும் அந்த ஆளின் பெயரும் அடுத்தடுத்து இருந்தன.

“இதை ஏண்டி எடுத்த?”

நான் அழுதேன். அழுதால் எங்கள் வீட்டில் முதலில் கரைவது சித்திதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் உள்ளே போய்க் கோந்து பாட்டிலை எடுத்து வந்தாள்.

“எழுத்து உள்ள போற மாதிரி ரெண்டு ரெண்டா சேத்து ஒட்டிரு. வெளிய தெரியக் கூடாது, என்ன?”

தலையாட்டினேன். அவள் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒட்டினால் நாற்பது இருபதாகிவிடும். தோழியிடம் முப்பது இருந்தது. ஒட்டாமலேயே வெள்ளைப் பக்கத்தில் சொற்களை எழுதி, நூல் கோத்துப் பையில் வைத்துக்கொண்டேன். மாலையில் சித்தி, “ஒட்டிட்டியா?” என்று கேட்டபோது, “ஒட்டிட்டேன் சித்தி” என்றேன்.

மறுநாள் விசில் எனக்குத்தான் கிடைத்தது. எல்லாருடைய அட்டைகளையும் ஒன்றாகக் கலந்து ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டார் டீச்சர். ஊதி ஊதித் தள்ளினேன். பள்ளி விட்டதும், அட்டையை வீட்டில் காட்டி அது என்ன சொல் என்று சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். எல்லோரும் அட்டையைக் கழற்றாமலேயே கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலமே தோழியின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது.

“எங்க பிள்ளை கழுத்துல உங்க வீட்டுப் பத்திரிகை தொங்குதே. இதான் முத வரனா?”

மாமா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “யாருடி இதை எடுத்தது?”

“சித்திதான் பரண்லேருந்து எடுத்துக் குடுத்துச்சு.”

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி என்னைப் பார்த்தாள்.

“ஆமா. நாந்தான் குடுத்தேன்.”

“வேணும்னே செஞ்சிருக்கா. இனி இவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பாக்க மாட்டேன்” என்று கத்திவிட்டு மாமா வெளியே போனார். சொன்னபடியே செய்தார். சித்தி இன்றும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். போன வருடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அதெல்லாம் எதுக்குடி இப்ப” என்று எழுந்து போய்விட்டாள்.

போன் வந்த அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. சித்திக்கு மறதி, பரணில் ஏறியது யார் என்பதே அவளுக்கு ஞாபகமில்லை, நல்லவேளை நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். நல்ல பசி. தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். சித்திதான் பரிமாறினாள்.