அம்மாவின் நெற்றி வேர்வை

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் அவர். பெயர் தெரியாது, எல்லோருக்கும் சிஸ்டர். குட்டை உருவம், காதுவரை இழுத்துவிட்ட நீலக் குல்லா. பனிக்காலத்தில் எந்தச் சர்க்கரை நோயாளி வீட்டுக்குப் போனாலும், சர்க்கரை பார்க்கும் மெஷினை முதலில் வாங்கி ஸ்வெட்டருக்குள் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.

உறைபனி விழுந்த ஒரு காலையில் அம்மா சம்பந்தமில்லாமல் உளறினாள். சர்க்கரை நோயாளி. ஜன்னலோரம் கிடந்த மெஷினை எடுத்து, விரலைக் குத்திச் சோதித்தேன். திரையில் எண் தெளியாமல் சாம்பல் கறையாகவே நின்றது. சர்க்கரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? தப்பாக எதையாவது கொடுத்துவிட்டால்? மெஷினைத் தட்டினேன், குலுக்கினேன். அதற்குள் மனைவி சிஸ்டரைக் கூட்டிவந்துவிட்டாள்.

"மெஷின் கெட்டுப்போச்சுங்க சிஸ்டர்!"

"கெடலீங்க. அந்தத் திரைக்குள்ள இருக்கறது தண்ணியுமில்ல, கட்டியுமில்ல, ரெண்டுக்கும் நடுவால ஒண்ணு. குளுருல மந்தமாயிரும், நம்பர் தெளியாது." மெஷின் கக்கத்துக்குள் போனது.

"எப்பங்க நம்பர் வரும்?"

"மெஷினுக்குக் குளுருது. உங்கம்மாவுக்கு வேர்க்குது, பாத்தீங்களா? இந்தப் பனியில வேர்த்தா சர்க்கரை எறங்கீருச்சுன்னு அர்த்தமுங்க. ஓடுங்க, சர்க்கரைத்தண்ணி கரைச்சுட்டு வாங்க."

கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். அம்மா என் பெயரைச் சொல்லி எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் மறுபடி சோதித்தோம். எண் பளிச்சென்று தெரிந்தது. குனிந்து பார்த்தவன் நான் மட்டுமே. சிஸ்டர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வருவதற்கு முன் அந்த நெற்றி வேர்வையை நானே இரண்டு முறை துடைத்திருந்தேன்.