சிந்துஜாவுக்கு ஒரு நாற்காலி

செங்கம் ரோட்டில் மூர்த்தி நடத்தும் கஃபேயில் கல்லாவில் நிற்பவள் வினோதினி. நிற்பவள் என்றால் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்பவள். வேலைக்கு வந்த பெண்கள் உட்காரக் கூடாது; உட்கார்ந்தால் கடைக்கு அழகில்லையாம். மாடி ஹாலிலோ வெளிநாட்டுக்காரர்கள் காசு கட்டி, மெத்தை வைத்த நாற்காலி போட்டு, சும்மா உட்காரக் கற்றுக்கொள்கிறார்கள். வகுப்பின் பெயர் ‘ராடிகல் ரெஸ்ட்’. ராடிகல் என்றால் வாழ்க்கையை அடியோடு மாற்றிக்கொள்வது என்று வருகிறவர்களிடமெல்லாம் மூர்த்தி கைகூப்பி விளக்குவான். கேட்கும்போதெல்லாம் வினோதினிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் சிந்துஜா. கீழ்பென்னாத்தூரிலிருந்து இவளோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள், ஏழு மாதக் கர்ப்பிணி. மத்தியானத்துக்குள் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. சுவரில் சற்றுச் சாய்ந்தாலும் அதட்டல்.

பொறுத்துப் பார்த்த வினோதினி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“சார், சிந்துஜாவுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. கடையில வேல செய்றவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே இருக்குது.”

“எனக்கே சட்டம் சொல்றியா? இன்னிக்கு ஸ்டூலுன்னுவ, நாளைக்கு சங்கம்னுவ. நீ என்னா தீவிரவாதியா?”

ஸ்டூல் கேட்டால் தீவிரவாதி! வெட்கங்கெட்டவன், துப்பாக்கி கேட்டிருந்தால் என்ன பெயர் வைத்திருப்பானோ. வினோதினி விறுவிறுவென்று மாடியேறி, ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து சிந்துஜாவை உட்காரவைத்தாள். அன்று சாயங்காலமே மூர்த்தி அவளை வேலையைவிட்டு அனுப்பினான். அதோடு விட்டானா? அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டு அந்தப் பெயரையே சொல்லிவைத்தான்.

மறுநாள் வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருவர் மேலும் கீழும் பார்த்தார். “ஓ, அந்தத் தீவிரவாதப் பொண்ணு நீதானா? இங்க ஆளு வேணாம்மா.”

வினோதினி நேராகப் பழைய கஃபேக்கே போனாள். மாடிக்கே போய்விட்டது நாற்காலி. சிந்துஜா நின்றுகொண்டிருந்தாள். வினோதினி ஒரு மேசை முன் அமர்ந்து, டீக்குப் பணம் கொடுத்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரு சிந்துஜா.”

“அவரு பாக்கறாருக்கா.”

“பாக்கட்டும். இது கஸ்டமர் நாற்காலி. நான் கஸ்டமர். என் கூட நீ உக்காந்திருக்க, அவ்ளோதான்.”

சிந்துஜா உட்கார்ந்தாள். மூர்த்தி பல்லைக் கடித்தபடி வந்தான். அதே நேரம் வகுப்பு முடிந்து வெள்ளைக்காரர்கள் படியிறங்கினார்கள். அவர்களைப் பார்த்ததும் மூர்த்தி முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

“சார்,” என்றாள் வினோதினி, கடை முழுக்கக் கேட்கும்படி. “தீவிரவாதிக்கு இன்னொரு டீ.”