எந்த வகை ஷாக்

தொண்ணூறுகளின் நடுவில் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் டாக்டராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு முற்பகலில் இளம்பெண் ஒருத்தியை டிராக்டரில் கொண்டுவந்தார்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சேற்றில் சாய்ந்துவிட்டாளாம்.

"காலையில ஒண்ணும் சாப்பிடலைங்க. வெயில் மயக்கந்தான். ஒரு குளுக்கோஸ் போட்டு விடுங்க" என்றார் கூட வந்த அவள் மாமியார்.

நாடி நூலாக ஓடியது. பிரஷர் எழுபதைத் தாண்டவில்லை. இது வெறும் மயக்கமில்லை, ஷாக். உடம்புக்குப் போதுமான ரத்தம் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதுதான் பிடிபடவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

தோள் வலிக்கிறது என்று முனகினாள். இதயமோ? அப்படியென்றால் சலைனை வேகமாக விட்டால் மூச்சு முட்டிவிடும். கழுத்து நரம்பைப் பார்த்தேன். புடைக்காமல் தட்டையாகக் கிடந்தது. நுரையீரலிலும் நீர் கோத்த சத்தமில்லை. ஒவ்வாமை என்றால் தடிப்போ இழுப்போ இருக்கும். கிருமி பரவியிருந்தால் காய்ச்சல் இருக்கும், கை சூடாக இருக்கும். இவள் கைகளோ சில்லிட்டிருந்தன, இமையின் உட்புறம் வெளுத்திருந்தது. ரத்தம்தான் போயிருக்கிறது. ஆனால் எங்கே? சேலையில் ஒரு பொட்டுகூட இல்லை. அடிவயிற்றில் கை வைத்ததும் துடித்துப்போனாள்.

மாமியாரை வெளியே நிற்கச் சொன்னேன். "நாள் தள்ளியிருக்கா?"

"இருபது நாளாச்சுங்க. போன மாசந்தான் அவரு துபாய்க்குத் திரும்பிப் போனாரு. யாருகிட்டயும் சொல்லலை."

கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தியதால்தான் தோள்வலியும். இரண்டு கைகளிலும் சலைனைத் திறந்துவிட்டேன். அறுவை செய்ய எங்களிடம் வசதியில்லை. வேனில் ஏற்றி நாகப்பட்டினம் கிளம்பினோம்.

"அத்தைகிட்ட சொல்லட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன். சரியென்று தலையசைத்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லியிருந்தா வயலுக்கே விட்டிருக்க மாட்டேனே" என்றார். பிறகு, "ரத்தம் வேணும்னா என்னோடத எடுங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வெளியே என்னால் உட்கார முடியவில்லை. வேறு ஏதாவது வகை ஷாக்காக இருந்து, நான் விட்ட சலைனே அவளைக் கொன்றுவிட்டால்? வராந்தாவின் இரண்டு முனைகளுக்கும் எத்தனை முறை நடந்தேனோ. கடைசியில் சர்ஜன் வந்து, "வயிறு முழுக்க ரத்தம். பொழைச்சுக்குவா" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து மாமியாரோடு வந்தாள். எஸ்டிடி பூத்திலிருந்து கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

"என்ன சொன்னாரு?"

"அழுதாரு."