சர்க்கரை இல்லாத கால்

கீழவாஞ்சூர் சாலையில் ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருந்தேன். எனக்கே தெரியவில்லை. எதிரே வந்த மீன்காரப் பெண்தான் நிறுத்திச் சொன்னாள். குனிந்து பார்த்தால், இடது பாதமெல்லாம் துறைமுக லாரிகள் சிந்திய நிலக்கரித் தூசு. தார்ச் சூட்டில் தோல் கொப்பளித்திருந்தது. வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிற டீச்சர் நான். கால் போனால் பிழைப்பும் போயிற்று.

முதலில் பார்த்த டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே எட்டிப் பார்த்துச் சர்க்கரை என்று அடித்துச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை இல்லை என்று வந்ததும் அந்த மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. அடுத்தவர் நரம்புத் தளர்ச்சி என்று வாரம் ஒரு சத்து ஊசி போட்டார். அதற்குள் புண் சீழ் பிடித்து நாறியது. கையில் சாக்பீஸ் நிற்கவில்லை. படியேற என் வீட்டுக்காரர் தோள் வேண்டியிருந்தது.

மூன்றாவது டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம், வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, குழந்தை இல்லாத ஏக்கமா என்று கேட்டார். இவரும் மண்டையை மண்டையை ஆட்டினார். இருவரையும் பார்க்கவே பிடிக்கவில்லை. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். என் நாத்தனார் பேய்க்குப் பார்க்க ஆளே பேசி வைத்துவிட்டாள். நோய்க்குப் பார்க்கத்தான் நாதியில்லை.

கடைசியில் நானே அடம்பிடித்துப் பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். கட்டிலில் உட்காரவைத்து, சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. கணுக்காலில் தட்டினார். அங்கேயும் அப்படியே. அரை நிமிஷ வேலை. அதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. நரம்பில் கரண்ட் வைத்துச் சோதித்த பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையை அரித்துத் தின்கிறது, அபூர்வமான நோய் என்றார். இத்தனை நாள் பைத்தியக்காரி பட்டம் சுமந்தவளுக்கு, நோய் என்று கேட்டதும் சந்தோஷம் வந்தது. சீ, இதற்கா ஒருத்தி சந்தோஷப்படுவாள் என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மருந்து ஏற்றினால் கைக்குப் பலம் திரும்பிவிடும், வலது காலும் தேறும், இடது பாதத்துக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு கொஞ்சம் கடிந்துகொண்டார்.

"ரொம்ப லேட் பண்ணிட்டீங்களேம்மா. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

"வந்துக்கிட்டேதான் இருந்தேன் டாக்டர்," என்றேன். "ஒருத்தரும் என் காலைத் தொட்டுப் பாக்கலைங்க."