கேட்கத் தெரிந்த லில்லி அக்கா

கடந்த வியாழக்கிழமை காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆலோசனை மையத்தின் முன் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது லில்லி அக்காவின் மகள் ஷாலினியின் அழைப்பு வந்தது. "பாஸ்டர், அம்மா போயிட்டாங்க" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. பத்து மணிக்கு ஒருவர் ஆலோசனைக்கு வருவதாக இருந்தது. மறுநாள் வர முடியுமா என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். பிறகு மறுபடியும் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

நம்மோடு மூன்று ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் ஆலோசகர் பயிற்சியில் உட்கார்ந்திருந்த லில்லி அக்கா இனி இல்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்காகவும், பிறகு அவரிடம் மனம்விட்டுப் பேசியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் ஏன் வந்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியிருந்தது. பாதிப்பேர் என்னைப் போன்ற போதகர்கள். ஊழியத்துக்கு உதவும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டோம். ஐம்பத்து நான்கு வயதான லில்லி அக்கா, பண்டமாரானில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கிளார்க். "ஒரு லோரி டிரைவர் என் கவுண்டர்ல வந்து நின்னார். பொண்டாட்டி பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டாள்னு சொன்னார். நான் உடனே ஒரு வேத வசனம் சொன்னேன். 'சரி சிஸ்டர்'னுட்டுப் போனார். அப்புறம் எப்ப வந்தாலும் அடுத்த கவுண்டருக்குத்தான் போனார். நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரிஞ்சுக்கணும்" என்றார்.

இறையியல் தேர்வில் அவர் இரண்டு முறை தோற்றார். எல்லோரும் பத்துப் பக்கம் எழுதும்போது ஒரு பக்கத்தோடு எழுந்துவிடுவார். "தெரிஞ்சது அவ்ளோதான்லா" என்று சிரிப்பார். ஆனால் இரண்டாவது முறை முடிவு வந்த அன்று கழிப்பறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்ததை நம்மில் சிலர் பார்த்தோம்.

கடைசி ஆண்டு செய்முறைப் பயிற்சியில் நானும் அவரும் ஜோடி. காப்பாரிலிருந்து ஓர் அம்மா வந்தார். நெற்றியில் திருநீறு. மோட்டார் சைக்கிள் விபத்தில் மகனைப் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. "ஜெபம் பண்ணலாமாம்மா?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். ஜெபித்தேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து லில்லி அக்கா கேட்டார். "அவங்களுக்காகவா ஜெபம் பண்ணீங்க பாஸ்டர்? அந்த அமைதி உங்களுக்குத்தான் தாங்கல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நம்ம விசுவாசத்த வாசல்ல கழட்டி வெச்சிட்டு வரணுமா அக்கா?"

"யார் அப்படிச் சொன்னா? ஆண்டவர் மனுஷனா வந்து முப்பது வருஷம் சும்மா நம்ம கூடவே இருந்தார். பிரசங்கம் பண்ணது மூணு வருஷம்தான். நீங்க பத்து நிமிஷம்கூட இருக்கலையே."

அன்று நான் சாப்பிடவில்லை. இருபது வருடம் பிரசங்க மேடையில் நின்றவனுக்கு அந்தக் கணக்கு தோன்றியதே இல்லை. பிறகு அந்த அம்மா திரும்பி வந்தார், அக்காவைத் தேடி. சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். பொறாமையாகத்தான் இருந்தது.

பயிற்சி முடிந்து, கிள்ளானில் எங்கள் சபையின் பின்னறையில் வாரம் இரண்டு நாள் அக்கா ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஓராண்டு முடிவதற்குள் கணையத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

போன மாதம் ஒரு பிற்பகல் பண்டமாரானில் அவர் வீட்டுக்குப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். ஷாலினி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனதும் மெல்லச் சொன்னார். "பயமா இருக்கு பாஸ்டர்."

"கர்த்தர் உங்ககூட இருக்காருக்கா."

"அது எனக்குத் தெரியும். நான் பயமா இருக்குன்னுதான் சொன்னேன்."

வேதாகமத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "எதுக்குப் பயம், சொல்லுங்கக்கா" என்றேன். ஒரு மணி நேரம் பேசினார். நடுநடுவே நெடுநேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். முடிவில், "இதெல்லாம் பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார். பிறகு அவராகவே, "இப்ப ஜெபம் பண்ணுங்க" என்றார்.

சனிக்கிழமை அடக்க ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஷாலினி என்னிடம் வந்தாள். "அன்னிக்கு அம்மா உங்ககிட்ட அவ்ளோ நேரம் என்ன பேசினாங்க பாஸ்டர்? எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல."

தாயைப் பறிகொடுத்த பிள்ளை கேட்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தபோது ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. "பேசினாங்கம்மா. நான் கேட்டேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப, மனசுல இருந்தத யார்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் போனாங்க, இல்ல?"

"ஆமாம்மா."

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

அக்காவின் பயிற்சிக் குறிப்பேடுகளைச் சபையின் பின்னறைக்கே தருவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு அவை பயன்படட்டும். எனக்கு அந்தப் பிற்பகலில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அதை யாருக்கும் சொல்லப்போவதில்லை.