மூன்று நிமிடப் பிழையும் ஒரு நிச்சயதார்த்தமும்

காலை 9.40. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்க அன்று என் முறை.

எங்கள் ஆப்பில் இரண்டு ஊர்களைக் கொடுத்தால் மூன்று விவரம் வரும்: விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம், பறக்கும் நேரம், வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குச் சாலைத் தூரம். பெங்களூரு பக்கத்தைச் செய்தவள் நான். முந்தைய நாள்தான் வெளியிட்டிருந்தோம்.

1. அழைப்பு

"மேடம், பெங்களூருக்குத் தெக்க ஆனேக்கல்லேர்ந்து முருகேசன் பேசுறேன். 1.40க்கு மதுரை பிளைட்டு. ஏர்போர்ட்டு முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம்னு உங்க ஆப்பு காட்டுது. பதினொன்றரைக்குக் கெளம்புனா போதும்ல?"

திரையிலும் அதுதான் இருந்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம். சாயந்திரம் நிச்சயதார்த்தம்."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். லீவு கெடைக்காம போன மாசமே ஒரு தடவ தள்ளிப்போட்டாச்சு. இந்தத் தடவயும் மாப்பிள்ள வரலைன்னா வேற எடம் பாத்துக்கிறோம்னு பொண்ணு வீட்ல சொல்லிட்டாங்க."

அவரை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, டீம் லீட் ரேகாவைக் கூப்பிட்டேன். ரேகா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

2. வரைபடம்

"ஆனேக்கல்லேந்து முப்பத்திரண்டா? ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி எழுபதுக்கு மேல வரும்மா! நீ ஏர்போர்ட்டப் பாத்ததே இல்லியா?"

"இல்ல. வேலூர்லேந்து ரயில்ல வந்தேன்."

"சரியாப் போச்சு. நீ போட்டிருக்கிறது பழைய ஏர்போர்ட். அங்கேந்து பயணிகள் பிளைட்டெல்லாம் நின்னு எத்தனையோ வருஷமாச்சு. மொதல்ல அந்த மாப்பிள்ளையக் கெளப்பு."

மீண்டும் லைனுக்கு வந்தேன். "சார், இப்பவே கெளம்புங்க. ஏர்போர்ட் ஊருக்கு அந்தப் பக்கம். ரெண்டரை மணி நேரம் ஆகும். ஆப்புல இருக்கிறது தப்பு, தப்பு எங்களோடது."

"இப்பவேவா? தலைல எண்ணெ வச்சிருக்கேன் மேடம்!"

"எண்ணெயோடவே கெளம்புங்க. கவுன்டர் 12.40க்கு மூடிடும்."

3. எப்படித் தப்பியது

விமான நிலையம் இடம் மாறியபோது அதன் மூன்றெழுத்துக் குறியீடு மாறவில்லை. நான் இறக்கிய பட்டியலில் அந்தக் குறியீட்டுக்கு எதிரே பழைய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தன.

சோதனையில் பன்னிரண்டு ஊர்களுக்குப் பறக்கும் நேரத்தைச் சரிபார்த்திருந்தேன். மதுரைக்கு விமான நிறுவனம் தரும் நேரத்தைவிட மூன்று நிமிடம் குறைந்தது. காற்று, ஓடுபாதை என்று ஏதாவது இருக்கும் என நினைத்து 'சரி' போட்டேன். சாலைத் தூரத்தை ஒன்றுக்குக்கூடப் பார்க்கவில்லை. வானத்தில் மூன்று நிமிடமாக இருந்த பிழை, தரையில் ஒன்றரை மணி நேரம்.

பெங்களூரு பக்கத்தை உடனே நிறுத்தி, திருத்தி, பதினொரு மணிக்குத் திரும்ப ஏற்றினோம். அதன்பின் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏர்போர்ட் போகும் வழியில் உள்ள ஹெப்பாள் நெரிசலை மட்டும் வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. 12.31

"மேடம், போர்டிங் பாஸ் வாங்கிட்டேன்! வர்ற வழியெல்லாம் டிரைவர் என் தலையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வந்தாரு."

"மன்னிச்சுக்கங்க சார்."

"அட விடுங்க. எங்க மாமனார்ட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான். பெரிய பிழை தானாகவே கண்ணில் பட்டுவிடும். மூன்று நிமிடம் குறைந்தால் அதற்குக் காரணம் கற்பிக்காதீர்கள், தேடுங்கள். நாம் சொன்ன நேரத்தை நம்பி யாரோ ஒருவர் இன்னும் கிளம்பாமல் வீட்டில் இருக்கிறார்.