ஏரிக்கு வாய் வெட்டிய கோடை

சுற்றிலும் தண்ணீர், தண்ணீர் நிறைய மீன், ஆனால் தின்ன ஒன்றும் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பழவேற்காட்டு ஏரியில் பசியாவரம் தீவில் இருந்த நாங்கள் ஒரு கோடை முழுவதும் அப்படித்தான் இருந்தோம். எனக்கு அப்போது பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. தம்பி தள்ளாடித் தள்ளாடி நடக்கப் பழகியிருந்தான். அக்கரையில் ஒல்லாந்தர் கோட்டையின் கொடி காற்றில் ஆடுவதை வாசலில் நின்றே பார்க்கலாம். அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டேதான் நான் பல்லைப் பிடுங்கிக்கொள்வேன். வலி தெரியாது என்று நைனா, என் அப்பா, சொல்லியிருந்தார். வலித்தது.

அதற்கு முந்தைய ஐப்பசியில் மழை சரியாகப் பெய்யவில்லை. மழை வெள்ளம் வந்தால்தான் ஏரி நிரம்பி, கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு ஓடும். வெள்ளம் வராததால் கடல் தன் பாட்டுக்கு மணலைக் கொண்டுவந்து கொட்டி, வாயை அடைத்துவிட்டது. பங்குனி வந்தபோது ஏரி வற்றிச் சுருங்கியது. சித்திரையில் தண்ணீர் பச்சையாகக் குழம்பி நாறியது. பிறகு மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கத் தொடங்கின.

வலை வீச வேண்டிய வேலையே இல்லை என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். கூடையில் அள்ளிக்கொண்டு வந்தால் போதும். எல்லோரும் அள்ளினார்கள், காய்ச்சினார்கள், தின்றார்கள். எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு வயிற்றால் போனது. மறுநாள் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. அதற்கடுத்து என் தம்பிக்கும் வயிறு போகத் தொடங்கியதும், அம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன்சட்டியை அப்படியே தூக்கி வெளியே கவிழ்த்துவிட்டாள்.

நைனா கவிழ்ந்த சட்டியை நிமிர்த்தினார். அவர் ஏரியில் பிறந்து ஏரியில் வளர்ந்தவர்.

"இன்னாமே இது? மீன்காரன் ஊட்ல மீன் ஆவாதா?"

"செத்த தண்ணில மெதந்தது மீனு இல்லய்யா. இனிமே அது என் அடுப்புல ஏறாது."

அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. பிள்ளைகளின் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று தேடுவதே அவள் வேலையாகிவிட்டது. என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தாள்.

முதலில் படகில் அக்கரைக் கடைத்தெருவுக்குப் போனோம். மழை பொய்த்ததால் பொன்னேரிப் பக்கத்து நெல் வரவில்லை. கப்பலில் வந்து இறங்கிய அரிசிதான் கடைகளில் இருந்தது. குவியல் குவியலாக, மல்லிகை மொட்டு போல அவ்வளவு வெள்ளை. எனக்கு அதைப் பச்சையாகவே அள்ளித் தின்ன ஆசை. அம்மா தன் காதிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துக் கொஞ்சம் வாங்கினாள். வீட்டுக்கு வந்து களைந்தபோது கழுநீர் பாலாக இறங்கியது. மறுபடி களைந்தாள், மறுபடியும் பால். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். சுண்ணாம்பு. வெள்ளை கழன்ற பிறகு பார்த்தால் அரிசி மஞ்சளாகப் பூத்து, பூஞ்சை வாடை அடித்தது.

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். அம்மா அந்தக் கழுநீரை ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டு மறுபடியும் படகேறிக் கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கப்பல் அரிசிம்மா. வெள்ளையாத்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

அம்மா சொம்பை அவர் முன்னால் வைத்தாள். "அப்ப நல்லதாப் போச்சு. இத நீ குடிச்சிக் காட்டு. நான் மூட்டையாவே வாங்கிக்கினு போறேன்."

கடையில் நின்ற மற்றப் பெண்கள் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரருக்குத் திடீரென்று உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது. அவருடைய பையன் காதுநகையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். அம்மா அதை அங்கேயே போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்த நடையை நான் இன்றைக்கும் நடந்து காட்டுவேன்.

ஆனால் நகை திரும்பி வந்தால் சோறு வந்ததாகுமா? அம்மா கரையோரத்தில் தேட ஆரம்பித்தாள். உப்பு மண்ணில் முளைக்கும் உமரிக்கீரை, வறண்ட வயலில் தோண்டி எடுத்த கோரைக்கிழங்கு, பெயர் தெரியாத ஏதேதோ காய்கள். எது கிடைத்தாலும் வேகவைத்து முதலில் அவள் மட்டும் தின்பாள். எங்களுக்கு மறுநாள்தான். தம்பி சட்டியைப் பார்த்துக் கையை நீட்டி அழுவான். தட்டிவிடுவாள். எனக்கு ஆத்திரமாக வரும். நைனா கரையேறியதும் ஓடிப்போய்ச் சொன்னேன்:

"அம்மா மட்டும் துன்றா. எங்களுக்குக் குடுக்கறதே இல்ல."

நைனா என்னைத் தூக்கிக்கொண்டாரே தவிர அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் ஏதோ ஒரு கிழங்கைத் தின்றுவிட்டு அம்மா பொழுதெல்லாம் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். எழுந்ததும் முதல் காரியமாக மிச்சக் கிழங்கையெல்லாம் குழிதோண்டிப் புதைத்தாள். எங்கள் வயிற்றுக்குள் எதுவும் போகுமுன் அவள் தன் வயிற்றில் போட்டுச் சோதித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் லேசாகப் புரிந்தது. அதற்குப் பிறகு நான் நைனாவிடம் புகார் சொல்லவில்லை.

கீரையும் கிழங்கும் எத்தனை நாளைக்கு? தம்பியின் கால்கள் குச்சியாகிவிட்டன. நடக்கப் பழகியவன் மறுபடி தவழ ஆரம்பித்தான். அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, படகில் போய் மணற்கரையில் இறங்கிக் கடலோரக் குப்பத்துக்கு நடந்தாள். அது அவள் பிறந்த ஊர். அங்கே அவளுடைய தம்பி, என் மாமா, கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அன்று அவர் கொண்டுவந்த கிழங்கான் மீனை மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தோம். தம்பி தின்றான். வயிற்றால் போகவில்லை. அடுத்த வேளையும் தின்றான். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"உயிரோட இருக்கற தண்ணி மீனு. அதான்" என்றாள் அம்மா.

மாமா தலையைச் சொறிந்தார். "குடுக்க மனசு இருக்குதுக்கா. ஆனா நானே எல்லா நாளும் மீனு கொண்டாறேனா? குப்பத்துப் புள்ளைங்களுக்கே பத்தலை."

திரும்பும் வழியில் அடைபட்ட முகத்துவாரத்து மணல்மேட்டின் மீது நடந்தோம். ஒரு பக்கம் கடல் நுரைத்துக்கொண்டு மோதியது. மறுபக்கம் ஏரி செத்துக் கிடந்தது. நடுவில் இருந்த மணல், இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கிற தூரம்தான். அம்மா அங்கேயே வெகுநேரம் நின்றாள். வெயில் சுட்டதால் நான் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அக்கரை ஊர்த்துறையில் ஒரு சம்பவம் நடந்தது. எனக்கு அது பெரிய விருந்தாகத் தெரிந்தது. கடலில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. துறையோரத்துப் பந்தலில் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். நல்ல சோறு, ஆவி பறக்க. பந்தலில் நின்ற ஆள், தலைப்பாகைக்காரர், என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு உருண்டையை நீட்டினார். அம்மாவிடம் மெதுவாகப் பேசினார்.

"பொண்ணு சூட்டிகையா இருக்குது. கப்பல்ல அனுப்பு. மூணு வேளை சோறு. உனக்கும் ஒரு மூட்டை நல்ல அரிசி தரச் சொல்றேன். சுண்ணாம்பு போடாத அரிசி."

"நான் போறேம்மா" என்றேன் நான். கப்பலில் ஏறிப்பார்க்க எனக்கு வெகுநாளாக ஆசை.

அம்மா என் கையிலிருந்த உருண்டையைத் தட்டி மண்ணில் விழச்செய்து, மணிக்கட்டைப் பிடித்துப் படகுவரை இழுத்துக்கொண்டே போனாள். கை கன்றிப்போயிற்று. படகில் நான் தேம்பித் தேம்பி அழுதேன், அந்த உருண்டைக்காக.

கரை சேர்ந்ததும் அம்மா வீட்டுக்குள் வரவில்லை. நைனாவின் முன்னால் போய் நின்றாள்.

"முகத்துவாரத்த வெட்டிடலாம்யா."

"அத மழதான் வெட்டும். யாரு கை வெச்சு வெட்டினாங்க?"

"மழ வர்ற வரைக்கும் இந்தப் புள்ளைங்க இருக்குமா? துறையில அரிசியக் குடுத்துப் புள்ளைங்கள வாங்கறாங்க, போய்ப் பாத்துட்டு வா."

நைனா போகவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. தனக்குள் பேசுவது போலச் சொன்னார்: "பௌர்ணமிக்குக் கடல் ஒசந்து நிக்கும். ஏரி தாழ்ந்து கெடக்குது. அன்னிக்கு வெட்டிவிட்டா உள்ளதான் பாயும். மத்த நாள்ல வெட்டினா மறுநாளே மூடிக்கும்."

"அப்ப பௌர்ணமிக்கு" என்றாள் அம்மா, ஏதோ நல்ல காரியத்துக்கு நாள் குறிப்பவளைப் போல.

மறுநாள் விடிந்ததும் மணல்மேட்டில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். நைனாவிடம் ஒரு மண்வெட்டி, அம்மாவிடம் ஒரு கூடை, என்னிடம் கொட்டாங்கச்சி. தம்பி மணலைத் தின்னாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு எதிர்வீட்டுக்காரி, குழந்தையைப் பறிகொடுத்தவள், கூடையோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் தீவுப் பெண்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு ஆண்கள் துடுப்பும் பலகையுமாக வந்தார்கள்.

கடலோரக் குப்பத்தார்தான் முறைத்தார்கள். மாமாவே முன்னால் வந்து நின்றார்.

"வாய வெட்டிட்டா நாங்க எப்டிக்கா கடத்தெருவுக்குப் போறது? இதுதான எங்களுக்கு வழி?"

"எங்க படவு இருக்குதே. எப்பக் கூப்ட்டாலும் அக்கரை சேக்கறோம். இங்க இருக்கற அத்தினி பேர் முன்னாலயும் சொல்றேன்."

"கூலி?"

"அக்கா கையில கூலி கேப்பியாடா நீ?" என்று அம்மா கூடையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தாள். மணலோடு. குப்பத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள். மாமா தலையை உதறிக்கொண்டு மண்வெட்டி எடுத்துவரப் போனார்.

ஏரிப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே வந்தோம். மணல் சரிந்து சரிந்து மூடியது. கரையைச் சாய்வாக வெட்டச் சொல்லி நைனா கத்தினார். பௌர்ணமிக்கு முந்தைய நாள், கடலை ஒட்டி ஒரு திட்டு மட்டும் மிச்சம் இருந்தது. மறுநாள் காலையில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். அலை ஒவ்வொன்றும் அதன் உச்சியை நக்கிவிட்டுத் திரும்பியது. நைனா கையைத் தூக்கியபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப!" என்றார்.

நான்கைந்து மண்வெட்டிகள் ஒன்றாக இறங்கின. முதலில் ஒரு பாம்புக்குட்டி போலத் தண்ணீர் நெளிந்து வந்தது. என் கொட்டாங்கச்சியில் பிடித்துவிடலாம், அவ்வளவுதான். அடுத்த அலை அதைக் கொஞ்சம் அகலமாக்கியது. அதற்கடுத்த அலை திட்டையே தூக்கிக்கொண்டு போனது. "ஏறு! ஏறு!" என்று ஆண்கள் கத்த, பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். நாங்கள் நின்றிருந்த இடத்தில் கடல் இரைந்துகொண்டு ஏரிக்குள் பாய்ந்தது. இரு கரையும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தன. பச்சைத் தண்ணீருக்குள் நீலம் நுழைந்து விரிவதை மேட்டிலிருந்து கண்ணால் பார்த்தோம். அக்கரையில் மாட்டிக்கொண்ட மாமா தலைத்துணியை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டு ஆடினார். எதிர்வீட்டுக்காரி அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அந்த வாய் மறுபடி மூடவில்லை. சில நாட்களில் ஏரியின் நாற்றம் போயிற்று. பிறகு ஒரு காலை, நைனாவின் வலையில் மடவை மீன்கள் வெள்ளிக்காசாகத் துள்ளின. இறாலும் வந்தது. ஊரே முகத்துவாரத்து மணலில் அடுப்பு மூட்டியது. எதிர்வீட்டுக்காரி மீன் கழுவ, மாமா சுட, பிள்ளைகள் கை சுடச்சுடப் பிடுங்கித் தின்றோம். தம்பி ஒரு மடவையின் முழுப் பக்கத்தையும் தின்றுவிட்டு, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பிறகு கையை விட்டுவிட்டு நடந்தான். அம்மா கத்திய கத்தலுக்கு நாரைகள் கலைந்து பறந்தன.

அப்போதுதான் கடலில் நின்ற கப்பல் பாய் விரித்துப் புறப்பட்டதைப் பார்த்தேன். மேல்தளத்தில், பந்தலில் பார்த்த பிள்ளைகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். நான் என் மீனைத் தூக்கி அவர்களுக்கு ஆட்டிக் காட்டினேன்.

"அவங்களுக்குச் சோறு மட்டும்தான், இல்லம்மா? மீனு கெடைக்காதுல்ல?"

அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். தம்பி பிறந்ததிலிருந்து நான் மடியில் உட்கார்ந்ததே இல்லை. என் கையிலிருந்த மீனை வாங்கி, ஒரு முள்கூட இல்லாமல் எடுத்து, வாயில் ஊட்டத் தொடங்கினாள். போதும் என்றாலும் விடவில்லை. கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஊட்டினாள். நான் கொட்டாங்கச்சியால் அவ்வளவு மணல் அள்ளினேன் அல்லவா, அதற்குத்தான் இந்தச் செல்லம் என்று நினைத்து, பெருமையோடு வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டேன்.